படக்கூடாத இடம்

சீனத்தின் கைஃபெங் நகரில், சோங் அரசவையின் மருத்துவ மாணவர்களுக்கு விசித்திரமான ஒரு தேர்வு நடந்ததாகச் சொல்வார்கள். எதிரே ஆளுயர வெண்கல மனிதன். உள்ளே வெற்றிடம், அதில் தண்ணீர் நிரப்பியிருக்கும். உடம்பெங்கும் ஊசி நுழையும் அளவுக்குத் துளைகள். துளைகளும் அவற்றின் பெயர்களும் தெரியாதபடி மேலே மெழுகுப் பூச்சு. தேர்வாளர் ஒரு புள்ளியின் பெயரைச் சொல்ல, மாணவன் விரலால் அளந்து பார்த்து ஊசியைக் குத்த வேண்டும். இடம் சரி என்றால் ஊசி இறங்கும், எடுத்ததும் நீர் கசியும். தவறு என்றால் ஊசி வெண்கலத்தில் முட்டி நிற்கும். மதிப்பெண்ணுக்காகக் கெஞ்ச வழியே இல்லாத தேர்வு.

வெண்கல மனிதனை வடிவமைத்தவர் வாங் வெய்யி என்ற அரண்மனை மருத்துவர். பேரரசர் ரென்சோங்கின் கட்டளைப்படி 1026இல் புள்ளிகளை ஒழுங்குபடுத்திக் கையேடு எழுதினார். மறு ஆண்டு இரண்டு உருவங்கள் வார்க்கப்பட்டன. மொத்தம் 354 பெயர்கள். இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் இருந்தது. ஒரே பெயருள்ள புள்ளியை ஒரு வைத்தியர் ஓரிடத்தில் காட்டினால், இன்னொருவர் இரண்டு விரல்கடை தள்ளிக் காட்டினார். அரசாங்கமே தலையிட்டு அளவுகோல் வைக்க வேண்டி வந்தது.

சச்சரவு அத்தோடு தீர்ந்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் அலுவலகம் முன்கை எடுத்து, 2003இலிருந்து 2006 வரை சீன, ஜப்பானிய, கொரிய வல்லுநர்களை உட்காரவைத்துப் பேசியது. இன்றைய கணக்கில் புள்ளிகள் 361. அவற்றில் 92 புள்ளிகளுக்கு இடம் எது என்பதில் மூன்று நாடுகளும் ஒத்துப்போகவில்லை. ஒருவழியாகப் பேசி முடித்து 2008இல் நூலாக வெளியிட்டார்கள். அப்போதும் ஆறு புள்ளிகளுக்கு மாற்று இடத்தையும் குறிப்பிட வேண்டியிருந்தது. கல்லீரல் எங்கே இருக்கிறது என்று முடிவுசெய்ய எந்த நாட்டு மருத்துவர்களும் மாநாடு கூட்டியதில்லை.

சீன மருத்துவம் சொல்வது இதுதான். ‘சி’ என்கிற உயிர்சக்தி உடலில் பன்னிரண்டு முதன்மைப் பாதைகளிலும், முன்னும் பின்னும் உடலின் நடுக்கோட்டில் ஓடும் இரண்டு பாதைகளிலும் இடைவிடாமல் ஓடுகிறது. ஓட்டம் தடைபட்டால் நோய். பாதையில் ஆங்காங்கே உள்ள புள்ளிகளில் ஊசி குத்தியோ, சூடு காட்டியோ, அழுத்தியோ தடையை நீக்கலாம். தமிழ்நாட்டு அக்குபங்சர்காரர்கள் இவற்றைச் சக்திநாளங்கள் என்றும் மெரிடியன் என்றும் சொல்கிறார்கள். அதே புள்ளிகளில் குத்துவிட்டால் ஆளைச் சாய்க்கலாம் என்பது சீனத் தற்காப்புக் கலைகளின் நம்பிக்கை. குணமாக்குவதும் கொல்வதும் ஒரே வரைபடத்தை வைத்து என்றால், அந்த வரைபடம் எதைப் பார்த்து வரையப்பட்டது?

முதல் தடயம் கல்லறையிலிருந்து கிடைத்தது. ஹுனான் மாகாணத்துச் சாங்ஷா நகரை ஒட்டிய மாவாங்துயில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு சமாதியை 1973இல் தோண்டினார்கள். பட்டுத் துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் அதில் இருந்தன. சுவடி சொல்லும் பாதைகள் பதினொன்று, பன்னிரண்டு அல்ல. அவை ஒன்றோடொன்று சேர்ந்து வட்டமாகச் சுற்றவில்லை, தனித்தனியாக ஓடுகின்றன. சிகிச்சை, மாசிபத்திரி வகை மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டுவது மட்டுமே. ஊசியைப் பற்றிப் பேச்சே இல்லை. புள்ளிகளும் இல்லை.

எதேச்சையாக அடிபட்டு, அழுத்திப் பார்த்து, புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தவர்கள் பிறகு அவற்றைக் கோடுபோட்டு இணைத்தார்கள் என்றுதான் அக்குபங்சர் வகுப்புகளில் வழக்கமாகக் கதை சொல்வார்கள். மாவாங்துய் அதைத் தலைகீழாக்கிவிட்டது. கோடு முதலில் வந்திருக்கிறது. புள்ளி பின்னால் வந்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது.

பதினொன்று எப்படிப் பன்னிரண்டானது? சீன மருத்துவத்தின் மூலநூலான ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ அதை ஒளிக்கவில்லை. நாட்டில் ஓடும் பன்னிரண்டு ஆறுகளுக்கு உடலின் பன்னிரண்டு பாதைகளை அது ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்திக் காட்டுகிறது. ஆண்டுக்கு 365 நாள், ஆகவே உடலில் 365 புள்ளி என்கிறது. ஆனால் பெயர் சொல்லி அடையாளம் காட்டியிருப்பவை அதில் பாதிகூடத் தேறாது. மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி தொகுத்தபோது 349 ஆயிற்று. உடம்பை அறுத்துப் பார்த்து எண்ணிய எண்ணிக்கை அல்ல இது. பஞ்சாங்கத்தைப் பார்த்து எண்ணியது.

அதற்காக எல்லாமே கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. பழைய வைத்தியர்கள் துடிக்கும் நாடியைத் தொட்டுப் பார்த்தவர்கள், புடைத்த இரத்தக் குழாயைக் கீறி இரத்தம் எடுத்தவர்கள். நோயாளி வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று விரலால் காட்டியதைக் கவனமாகக் கேட்டவர்கள். சிறுநீர்ப்பைப் பாதை என்று அவர்கள் வரைந்த கோடு முதுகிலிருந்து புட்டம், பின்தொடை, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரலுக்குப் போகிறது. சயாட்டிகா வலியால் துடிப்பவரைக் கேட்டால் ஏறக்குறைய அதே வழியைக் காட்டுவார். இதயப் பாதை கையின் உட்புறமாகச் சுண்டுவிரலுக்கு இறங்குகிறது. மாரடைப்பு வலி இடது கையில் பரவும் வழியும் அதுதான். பார்த்தது சரி. பார்த்ததற்குச் சொன்ன விளக்கம்தான் வேறு.

ஐயாயிரம் ஆண்டு மாறாத மரபு என்று விளம்பரப் பலகைகள் சொல்வதையும் அப்படியே நம்பிவிட முடியாது. 1822இல் சிங் பேரரசர் தாவோகுவாங், அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து அக்குபங்சர் துறையையே நீக்கிவிட்டார். அதைத் தூக்கி நிறுத்தியவர் செங் தான்ஆன் என்ற மருத்துவர், காலம் 1930கள். ஜப்பானுக்குப் போய் அங்கே நவீன உடற்கூறியலோடு அக்குபங்சரை எப்படிச் சேர்த்துக் கற்பிக்கிறார்கள் என்று பார்த்துவந்தார். புள்ளிகளை நரம்புகளை ஒட்டி விளக்கினார். இரத்தக் குழாய்மேல் உட்கார்ந்திருந்த புள்ளிகளைக் கொஞ்சம் நகர்த்திவைத்தார். இன்று மருத்துவ அறையில் பார்க்கும் மயிரிழை ஊசிகள் பரவலாக நிலைபெற்றதும் இவர் காலத்தை ஒட்டித்தான்.

மேலை நாடுகளுக்கு இது பரவியதன் பின்னால் ஒரு குடல்வால் இருக்கிறது. 1971 ஜூலையில் பீஜிங் போயிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அழற்சி. அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனைக்கு அப்போதைய பெயர் ‘ஏகாதிபத்திய எதிர்ப்பு மருத்துவமனை’. கட்டியது ராக்ஃபெல்லர் பணம். சிகிச்சைக்குப் பிறகு வயிற்றில் உப்புசமும் வலியும் வர, வலது முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி குத்தினார்கள். சற்று நேரத்தில் நிம்மதி கிடைத்ததாக அவர் எழுதினார். படித்தவர்கள் சொல்லிச் சொல்லி, ஊசியை மட்டும் குத்திவிட்டு வயிற்றைக் கிழித்தார்கள் என்று கதை மாறிவிட்டது. உண்மையில் கொடுத்தது வழக்கமான மரத்துப்போகும் ஊசிமருந்து.

பாதைகள் உடலில் நிஜமாகவே இருக்கின்றனவா என்று தேடியவர்கள் பலர். வட கொரியாவின் கிம் போங்-ஹான், பாதைகளை நுண்ணோக்கியில் கண்டுவிட்டதாக 1960களின் தொடக்கத்தில் அறிவித்தார். பெரிய ஆரவாரம். சில ஆண்டுகளில் அவர் பெயரே அங்கே கேட்காமல் போயிற்று. 1980களில் பிரான்சில் சிலர் புள்ளிகளில் கதிரியக்க டெக்னீசியத்தைச் செலுத்திப் படமெடுத்து, அது கோடாக ஓடுவதைக் காட்டினார்கள். மற்றவர்கள் திருப்பிச் செய்து பார்த்தபோது, மருந்து போனது சிரைகள் வழியாக என்று தெரிந்தது. ஹெலன் லாஞ்சவின் என்ற அமெரிக்க ஆய்வாளர் மட்டும் கொஞ்சம் நம்பக்கூடிய திசையில் போனார். கையில் உள்ள புள்ளிகளில் 80 சதவீதம், தசைகளுக்கு நடுவே இணைப்புத் திசு மடிப்புகள் ஓடும் இடங்களில் இருப்பதாக 2002இல் காட்டினார். தசையும் தசையும் சேரும் பள்ளங்களில்தான் விரல் இயல்பாகவே போய் நிற்கும் என்பதும் இதற்கு விளக்கமாகலாம்.

குழாய் கிடைக்கவில்லை. சரி, ஊசி வேலை செய்கிறதா?

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு முறையான அக்குபங்சர். இரண்டாவது பிரிவுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில், மேலோட்டமாக ஊசி. மூன்றாவதற்கு மாத்திரை, உடற்பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்து, தேறியவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம். 2007இல் வெளிவந்த இந்த முடிவை இரு தரப்பும் கொண்டாடின. ஊசி மாத்திரையை வென்றது என்றது ஒரு தரப்பு. புள்ளி தெரிந்து குத்தினாலும் தெரியாமல் குத்தினாலும் ஒன்றுதான் என்றது மறு தரப்பு. இரண்டுமே உண்மை. பின்னால், 2012இல், 17,922 நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்து அலசியபோது நிஜ ஊசிக்கும் போலி ஊசிக்கும் நடுவே சிறிய வித்தியாசம் தெரிந்தது. சிறியதுதான்.

நோயாளியோடு உட்கார்ந்து பேசுவதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு. டெட் கப்சக் குழுவினர் 2008இல், எரிச்சல் குடல் நோயாளிகள் 262 பேரிடம் சோதித்தார்கள். சும்மா காத்திருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு நிவாரணம். பேச்சில்லாமல் போலி ஊசி வைத்துக்கொண்டவர்களில் 44. அதே போலி ஊசியை, அக்கறையோடு பேசும் மருத்துவரிடம் வைத்துக்கொண்டவர்களில் 62. ஐந்து நிமிடத்தில் அடுத்த டோக்கனைக் கூப்பிடும் மருத்துவர்கள் இந்த எண்களை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

இடம் முக்கியம் என்று தோன்றவைக்கும் ஆய்வுகளும் உண்டு. மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் நெய்குவான் என்ற புள்ளி இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டலை அங்கே தூண்டினால் குறைக்கலாம் என்று, 7,667 பேர் பங்கேற்ற 59 ஆய்வுகளைத் தொகுத்த 2015 காக்ரேன் அலசல் சொல்கிறது; ஆய்வுகளின் தரம் சுமார்தான் என்றும் கூடவே சொல்கிறது.

இன்னொரு புள்ளியை வாசகரே தொட்டுப் பார்க்கலாம். முழங்காலை மடக்கி, முட்டிச் சில்லுக்குக் கீழே நான்கு விரலை அகலவாக்கில் வைத்து, அங்கிருந்து முன்கால் எலும்புக்கு வெளிப்பக்கம் ஒரு கட்டைவிரல் தள்ளி அழுத்தினால், தசைக்குள் மந்தமாக ஒரு கடுப்பு தெரியும். அளக்க வேண்டியது அவரவர் விரலால். குழந்தைக்குக் குழந்தையின் விரல்தான் கணக்கு. இது சூசான்லி, வயிற்றுப் பாதையின் 36ஆவது புள்ளி. அடியில் ஆழமான பெரோனியல் நரம்பு ஓடுகிறது. ஹார்வர்டைச் சேர்ந்த மா சியுஃபு குழுவினர், எலியின் காலில் இதே இடத்தில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சிய முடிவுகளை 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அங்கே ஆழத்தில் உள்ள சவ்வில் ஒருவகை உணர்வு நரம்பிழைகள் இருக்கின்றன. அவை மூளைக்குச் செய்தி அனுப்ப, மூளை வேகஸ் நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பியைத் தட்டியெழுப்ப, உடலெங்கும் பரவிய அழற்சி தணிகிறது. அந்த நரம்பிழைகளை நீக்கிவிட்டால் பலனில்லை. வயிற்றில் உள்ள இன்னொரு புள்ளியில் அதே மின்சாரத்தைப் பாய்ச்சினாலும் பலனில்லை. ஆக, எங்கே குத்துகிறோம் என்பது பொருட்டாக இருக்கலாம். அதை முடிவுசெய்வது அங்கே எந்த நரம்பு இருக்கிறது என்பது. ஆறுகளின் கணக்குக்கு அதில் வேலையில்லை.

இனி சண்டைக்கு வருவோம். ஊசி கொல்லவும் கூடும் என்பது வைத்தியர்களுக்கு முதலிலிருந்தே தெரியும். ‘நெய்ஜிங்’ ஓர் அத்தியாயமே அதற்கு ஒதுக்கியிருக்கிறது: இதயத்தில் குத்தினால் ஒரு நாளில் சாவு, கல்லீரலில் குத்தினால் ஐந்து நாளில் என்று பட்டியல் போகிறது. இந்த அறிவை மல்லர்கள் எடுத்துக்கொண்டதற்கான பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று 1669ஆம் ஆண்டுக் கல்லறை வாசகம். அறிஞர் ஹுவாங் சோங்ஸி, தம் நண்பரான வாங் ஜெங்னான் என்ற வீரருக்காக எழுதியது. வாங் எதிரியை அடிக்கும்போது புள்ளி பார்த்து அடிப்பாராம். சாகும் புள்ளி, மயங்கும் புள்ளி, வாயடைக்கும் புள்ளி என்று வைத்தியர்களின் வெண்கல மனிதனில் உள்ளபடியே. மாணவர் தேர்வுக்கு வார்த்த உருவம் அதற்குள் மல்லர்களின் பாடமாகவும் ஆகியிருந்தது.

இங்கே போதிதர்மரை இழுக்காமல் தமிழ் வாசகருக்குக் கதை முடியாது. காஞ்சியிலிருந்து போன இளவரசர் ஷாவோலினுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார் என்பது ‘7ஆம் அறிவு’ படத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தி. ஷாவோலின் கலைக்கு அவரை மூலவராக்கும் ‘யிஜின் ஜிங்’ நூல் எழுதப்பட்டது 1624இல், அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு கழித்து. அதன் முன்னுரைகள் போலி என்று சீன வரலாற்றாசிரியர் தாங் ஹாவோ எப்போதோ காட்டிவிட்டார்.

காலப்போக்கில் கதைகளில் காரம் ஏறியது. நாளைப் பன்னிரண்டு கூறாக்கி, ஒவ்வொரு இரண்டு மணிநேரமும் ஓர் உறுப்பில் உயிர்சக்தி உச்சம் என்று சீன மருத்துவம் சொல்லும்: விடிகாலை 3 முதல் 5 நுரையீரல், 7 முதல் 9 வயிறு. வாட்ஸ்அப்பில் அடிக்கடி வலம்வரும் ‘உறுப்புக் கடிகாரம்’ இதுதான். எந்த நேரத்தில் எந்தப் புள்ளியில் தொட்டால் ஆள் எத்தனை நாளில் சாவான் என்று மல்லர் ஏடுகள் கணக்குப் போட்டன. ஒகினாவாவின் கராத்தேக்காரர்கள் போற்றிய ‘புபிஷி’ சுவடியிலும் இந்த நேரக் கணக்கு உண்டு. வூஷியா எனும் சீன வீரசாகச நாவல்களில் இரண்டு விரலால் தொட்டு ஆளைச் சிலையாக்கினார்கள். 1960களின் பிற்பாதியில் அமெரிக்கக் காமிக்ஸ் இதழ்களில் ‘கவுண்ட் டான்டே’ என்ற சிகாகோ கராத்தேக்காரர், ‘டிம் மாக்’ எனும் மரணத் தொடுகையை அஞ்சலில் கற்றுத்தருவதாக விளம்பரம் செய்தார். 1973இல் புரூஸ் லீ இறந்ததும், யாரோ தொட்டுவிட்டார்கள் என்று வதந்தி. பிரேதப் பரிசோதனை சொன்னது மூளை வீக்கம்.

இந்தக் குப்பையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மிச்சமிருக்கும் சில இடங்கள் வேடிக்கை இல்லை.

குரல்வளைக்குப் பக்கத்தில், நாடி துடிக்கும் இடம் ரென்யிங். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் அந்த இடத்தில் இரத்த அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தினால் ‘அழுத்தம் ஏறிவிட்டது’ என்று மூளைக்குத் தவறான செய்தி போகிறது. இதயத் துடிப்பு தணிகிறது. ஜூடோவில் கழுத்தின் இருபுறத் தமனிகளையும் நெரித்தால் பத்து விநாடிக்குள் ஆள் மயங்குவது மூளைக்கு இரத்தம் குறைவதால். வலது விலாவின் கீழே கல்லீரல். 2004இல் லாஸ் வேகஸில் ஒன்பதாவது சுற்றில் பெர்னார்ட் ஹாப்கின்ஸின் இடது கை குத்து ஆஸ்கர் டி லா ஹோயாவின் அந்த இடத்தில் விழுந்தது. முகத்தில் எத்தனையோ குத்து வாங்கி நின்றவர், தரையில் சுருண்டு எழவே முடியாமல் எண்ணி முடிக்கப்பட்டார்.

அடுத்தது நெற்றிப்பொட்டு. சீனர்களுக்கு அது தாய்யாங். சுசுருத சம்ஹிதையில் சங்க மர்மம். 107 மர்மங்களில் ஏழு நாளுக்குள் உயிரெடுக்கும் 19இல் சேர்ந்தது. சுசுருதருக்குச் சக்திக் கோடுகள் தேவைப்படவில்லை. தசை, குழாய், நாண், எலும்பு, மூட்டு ஆகியவை கூடும் இடம் மர்மம் என்று முடித்துக்கொண்டார். கன்னியாகுமரி வர்ம ஆசான்கள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என 108 கணக்கு வைத்திருக்கிறார்கள். மரபுகளின் எண்கள் ஒத்துவராவிட்டாலும் பொட்டு, கழுத்து, நெஞ்சு என்றால் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பொட்டை ஒட்டி மண்டையோடு மெலிந்திருக்கிறது. உட்புறத்தில் ஒரு தமனி ஓடுகிறது. எலும்பில் விரிசல் விட்டுத் தமனி கிழிந்தால் மண்டைக்குள் இரத்தம் சேரும். அடிபட்டவர் தெளிந்து எழுந்து, பேசி, வீட்டுக்கு நடந்துபோய், சில மணிநேரம் கழித்து நினைவிழந்து சாவதுண்டு. நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009இல் பனிச்சறுக்கில் விழுந்து இப்படித்தான் இறந்தார். தொட்டவன் போன பிறகு மெல்லக் கொல்லும் தொடுகை என்ற கதைக்கு, இதுவோ மண்ணீரல் தாமதமாகக் கிழிவதோ மூலமாக இருந்திருக்கலாம்.

எல்லாவற்றிலும் விநோதமானது நெஞ்சு. மார்பின் நடுவில், இதயத்துக்கு நேரே, பேஸ்பால் பந்து பட்டுச் சிறுவர்கள் அங்கேயே விழுந்து இறப்பதுண்டு. எலும்பு முறிந்திருக்காது; இதயத்தில் காயம் இருக்காது. மார்க் லிங்க் குழுவினர் 1998இல் மயக்கிய பன்றிக்குட்டிகளின் மார்பில் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் பந்தைப் படவைத்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் தன் மின்னூட்டத்தைச் சரிசெய்துகொள்ளும் நேரத்தில், 15 மில்லிவிநாடி நீளமுள்ள ஒரு கணம் இருக்கிறது. அடி அப்போது விழுந்தால் இதயம் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்குகிறது. ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 850 மில்லிவிநாடி என்றால் இது அதில் இரண்டு சதவீதம்கூட இல்லை. நேரம் பார்த்து அடித்தால் சாவு என்ற மல்லர்களின் கணக்கு ஒருவகையில் சரிதான். ஆனால் அந்த நேரத்தைக் குறிவைக்க எந்தக் குருவாலும் முடியாது.

2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில், கோடிக்கணக்கானவர்கள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் நெஞ்சில் மோதல் வாங்கி எழுந்து நின்று, அப்படியே பின்னால் சாய்ந்தார். மைதானத்திலேயே நெஞ்சை அமுக்கி, மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அதே ஆண்டு மீண்டும் ஆடினார். நெஞ்சில் பந்தோ குத்தோ பட்டு ஒரு பையன் சுருண்டு விழுந்தால், வர்மம் பட்டதா வாயு பிடித்ததா என்று பேசிக்கொண்டு நிற்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அமுக்கத் தொடங்குங்கள்; இன்னொருவர் 108 ஆம்புலன்ஸை அழைக்கட்டும். இதயம் நடுங்கிக்கொண்டிருக்க, நெஞ்சை அமுக்காமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.